கடலுக்குப் போன நாளில் சொன்ன பொய்

லண்டனிலிருந்து வரும் சொந்தக்காரரோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போகவே கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

விசுவமடுவில் எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனாலும் வயல், மாடு, பள்ளிக்கூடம் என்று ஏதாவது குறுக்கே வந்துகொண்டே இருந்தது. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. இரண்டு பேரும் அதுவரை கடலில் கால் நனைத்ததில்லை. ஓகஸ்ட் விடுமுறைக்குக் கட்டாயம் கூட்டிப்போவதாகச் சத்தியம் செய்திருந்தேன். மகள் கொப்பியில் திட்டமே எழுதிவிட்டாள். ஏழு மணி பஸ், முல்லைத்தீவுக் கடற்கரை, குளிப்பு, இடியப்பமும் முட்டைக் குழம்பும், ஐஸ்கிறீம், நாலு மணி பஸ். மாற்றுடுப்பு இரண்டு சோடி என்பதற்குக் கீழே கோடு வேறு.

அந்த வாரம் பார்த்து என் அண்ணன் வந்து இறங்கினார், இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு. கொப்பியைப் பார்த்துச் சிரித்தார். பஸ் வேண்டாம், வான் பிடிக்கிறேன் என்றார். அத்தோடு திட்டம் அவருடையதாகிவிட்டது. சண்டை நடந்த இடங்களாகப் பார்த்து அடுக்கினார். கடல் கடைசியில், அதுவும் நேரம் மிஞ்சினால்.

“பிள்ளையளுக்கு வரலாறு தெரியவேணும்,” என்றார்.

“அதுகளுக்கு முதல்ல கடல் தெரியட்டும் அண்ணா,” என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

என் கணவர் அறுவடையை விட்டு வரமுடியாமல் நின்றுவிட்டார். எங்களுக்கோ ஒவ்வோர் இடத்திலும் இறங்கு, நில், படம். சண்டையில் எரிந்து துருப்பிடித்த ஒரு வண்டிக்குப் பக்கத்தில் மகனை நிறுத்தி, சிரிக்காதே என்று அண்ணன் அதட்டினார். ஏழு வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷெல் விழுந்தபோது அவர் லண்டனில் இருந்தார். அது அவருடைய குற்றமில்லை. ஆனால் நான் இங்கே இருந்தேன், எனக்கு ஒரு படமும் தேவைப்படவில்லை.

முள்ளிவாய்க்கால் கடற்கரையில் வானை நிறுத்தியபோது மணி இரண்டு. பிள்ளைகள் தண்ணீரைக் கண்டு துள்ளத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன் கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“சொல்லு தங்கச்சி, அம்மாவை எவடத்தில தாட்டனீங்கள்?”

அம்மா சண்டையின் கடைசி நாட்களில் அங்கேதான் இறந்தார். நானும் பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்த இரண்டு பேருமாகக் கையால் மண் தோண்டிப் புதைத்தோம். இடம் எனக்கு நன்றாகத் தெரியும். தெருவுக்கு மற்றப்பக்கம், பனைகளுக்கு நடுவே. சற்று முன்தான் அதைக் கடந்து வந்திருந்தோம்; நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் பிள்ளைகளை அங்கே நிறுத்திப் படம் எடுத்தே பொழுதைச் சாய்த்திருப்பார்.

தூரத்தில் கரையோரம் தெரிந்த தாழம்புதரைக் காட்டினேன். “அந்தத் தாழைக்குப் பக்கத்தில.”

“நீயும் வாவன்.”

“பிள்ளையளை ஆர் பாக்கிறது? நீங்கள் போட்டு வாங்கோ.”

அவர் போனார். பிள்ளைகள் கடலுக்குள் இறங்கினார்கள். மகன் ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, “ஆரம்மா இவ்வளவு உப்புப் போட்டது?” என்று கோபமாகக் கேட்டான். அன்று நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அண்ணன் ஒரு மணித்தியாலம் கழித்து வந்தார். கண் வீங்கியிருந்தது, முழங்காலெல்லாம் மண். கைபேசி சட்டைப் பையில் கிடந்தது. தண்ணீர்ப் போத்தலைக் காலியாக்கி அதில் மணல் அள்ளி வந்திருந்தார். ஈரத்தோடு வந்த மகளின் தலையைத் தன் துவாயால் துவட்டிவிட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் அழைக்கிறார். அம்மாவின் படத்துக்கு முன்னால் செம்பில் அந்த மணல், பக்கத்தில் விளக்கு. தன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கும்பிடச் சொல்கிறார்.

“அம்மா எங்களோட வந்திட்டா. இப்பதான் எனக்கு நித்திரை வருது, தங்கச்சி,” என்கிறார்.

“ஓம் அண்ணா,” என்கிறேன். அம்மா கிடக்கிற இடத்தில் ஒரு விளக்கு வைக்க இன்றுவரை யாரும் போகவில்லை, நானும்தான்.