கப்பல் வரும் நேரத்தில் மன அமைதி

எங்கள் தீவில், டெலானிபூரில், கான்ட்ராக்டர் முதலாளி ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். அன்றுதான் மெயின்லேண்டிலிருந்து கப்பல். தான் இன்னும் முகம் பார்க்காத கைக்குழந்தையோடு மனைவி வருகிறாள் என்று குமாஸ்தா லீவு கேட்டார். "உங்க நிம்மதிக்குத்தானே இதெல்லாம், உக்காருய்யா" என்றார் முதலாளி.

எல்லோரும் கண்ணை மூடினோம். "பிரியமானவங்களை மனசுக்குள்ள கொண்டு வாங்க" என்றார் பயிற்சியாளர். துறைமுக ஜெட்டியில் கப்பலின் சங்கு ஊதியது.

குமாஸ்தா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மனசுக்குள்ள எதுக்கு சார், அவங்க ஜெட்டிக்கே வந்துட்டாங்க."

முதலில் சிரித்தவர் முதலாளிதான். ஜீப் சாவியை எடுத்து நீட்டினார். "ஜல்தி போய்யா, பாப்பா காத்திருக்கும்."

எங்கள் அழுத்தமெல்லாம் அப்போதே இறங்கிவிட்டது. பயிற்சியாளருக்குத்தான் கொஞ்சம் ஏறியது.