வாடகைச் சுவருக்கு அடித்த பச்சை

சின்னம்மாவுக்குப் பேசிவந்த முதல் சம்பந்தம் குழம்பியதற்கு நான்தான் காரணம் என்று என் வாழ்க்கையின் பெரும்பகுதியை நம்பிக் கழித்திருக்கிறேன். அப்பாவிடம் இதைச் சொல்லும் துணிவு கடைசிவரை எனக்கு வரவில்லை. அம்மாவிடம் சொல்லலாம் என்று நினைத்த காலத்தில் அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. இப்போது எனக்கும் தலை நரைத்து, கண்ணிலும் கத்தி வைத்தாகிவிட்டது. இனி ஒளித்து என்ன செய்ய?

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்த பிறகு, கப்பலில் வந்து இறங்கி, ஊர்காவற்றுறையில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்தோம். மறு பாதியில் வீட்டுக்காரர் இருந்தார். கப்பல்களில் வேலை செய்து ஓய்ந்த மனிதர். எங்கள் பாதியில் இரண்டு அறை, ஒரு ஹோல், சமைக்க ஒரு குசினி. அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் எங்களோடு இருந்தார். அவருக்கு அப்போதுதான் புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க இடம் கிடைத்திருந்தது. காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை அந்த வீட்டில் வேறு எவர் முகத்திலும் அந்த நாட்களில் நான் காணவில்லை.

அடுத்த வருடம் மாரி மழை தொடங்கும் நேரத்தில் தரகர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை காரைநகர்; கொழும்பில் கடை வைத்து, எங்களைப் போலவே திரும்பி வந்தவர், ஆனால் எங்களைப் போல வெறுங்கையோடு வரவில்லை. ஒரேயொரு விஷயம் என்றார் தரகர்.

"பொம்பிளை படிப்பிக்கப் போறது அவைக்கு விருப்பமில்லையாம். கலியாணத்தோடை விடவேணுமாம்."

"அதெல்லாம் பெரிய விஷயமே? சரிவரும்," என்றார் அப்பா.

சின்னம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. எனக்கு வயது பதினொன்று. பெரியவர்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவின் கவலை வேறு. சுவர்களில் பழைய குடியிருப்பாளர்களின் எண்ணெய்த் தலைகள் சாய்ந்த கறை வட்டவட்டமாக இருந்தது. "அகதியள் எண்டு நினைச்சுப் போடுவினம்," என்றார். நாங்கள் அகதிகள்தான் என்பதை அம்மா அவருக்கு நினைவூட்டவில்லை. கூலிக்கு ஆள் பிடிக்க வசதி இல்லை. ஆகவே, கொழும்புக் கந்தோர் உத்தியோகத்தில் பேனைக்கு மேல் பாரமான எதையும் தூக்கியறியாத அப்பா, தானே சுவருக்கு வெள்ளையடிப்பது என்று முடிவு செய்தார். வெள்ளை கூட இல்லை, பச்சை. சுண்ணாம்பில் பச்சைத் தூள் கலந்து வாழைக்குருத்து நிறம் எடுப்பதாகத் திட்டம்.

வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார்.

"வாடகை வீட்டுக்கு ஆரும் தன்ரை கையாலை சுண்ணாம்பு அடிப்பினமே தம்பி? சரி, எனக்கென்ன, சுவர் என்ரை. ஆனா ஒண்டு, நல்ல தண்ணியிலை கரைக்கவேணும். வளவுக் கிணத்துத் தண்ணியிலை கரைச்சீரோ, மாரிக்குச் சுவர் அழும்."

தீவுப் பக்கத்தில் கிணறு எங்கும் உண்டு. வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் எல்லாக் கிணற்றிலும் இல்லை. எங்கள் வளவுக் கிணறு உப்பு. குடிக்கிற தண்ணீரை ஊரின் மறு கோடியில் இருந்த நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து சைக்கிளில் இரண்டு கலன்களைக் கட்டி நான்தான் கொண்டுவருவேன். சுண்ணாம்புக்கும் நானே கொண்டுவர வேண்டும் என்று ஆயிற்று.

முதல் நாள் அறைகள். அம்மா பழைய சாரத் துணியில் சுண்ணாம்பை வடித்துக் கொடுக்க, சின்னம்மா வாளியில் தூளும் கஞ்சியும் சேர்த்துக் கலக்க, அப்பா மேசைமேல் ஏறி நின்று பனந்தும்புக் கட்டால் அடித்தார். சுவரில் பாதி, தன் தலையில் பாதி. அலுமாரியை நகர்த்தச் சொன்ன அம்மாவிடம், "பின்னுக்கு ஆர் பாக்கப்போகினம்? நாங்கள் என்ன எங்கடை பேரிலை உறுதி முடிச்ச வீட்டிலையே இருக்கிறம்?" என்று கேட்டார். அலுமாரியைச் சுற்றித்தான் பச்சை ஏறியது. கப்பலால் இறங்கிய பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

இரண்டாம் நாள் ஹோல். அன்றுதான் நான் அதைச் செய்தேன்.

நல்ல தண்ணிக் கிணற்றடியில் சில பெடியன்கள் எப்போதும் நிற்பார்கள். நான் போட்டிருந்த கொழும்புக் களிசானும் என் கொழும்புப் பேச்சும் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. "துரை தண்ணிக்கு வாறார், வழி விடுங்கோடா!" என்பான் ஒருவன். இன்னொருவன் நான் நிரப்பிய கலனின் மூடியைக் கழற்றிக்கொண்டு ஓடுவான். முதல் நாளே மூன்றாம் முறை போனபோது அழாத குறை. இரண்டாம் நாள் காலை, போகிற வழியில் ஒரு பாழ்வளவும் அதற்குள் ஒரு கிணறும் கண்ணில் பட்டன. தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடலேதான். கலன்களை நிரப்பினேன். கெட்டித்தனமாக, பூவரச மரத்தின் கீழ் போதிய நேரம் இருந்துவிட்டு, மூச்சு வாங்குவதுபோலப் பாவனை செய்தபடி வீடு வந்தேன். அன்று முழுவதும் அந்தத் தண்ணீர்தான்.

அன்று மத்தியானம் சின்னம்மா சுண்ணாம்புக் கையைக் கழுவ என் கலனிலிருந்து கொஞ்சம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். சவர்க்காரக் கட்டியை உரசினார், மறுபடி உரசினார். கலனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"களைச்சுப் போனாய் மோனை. நிழலிலை இரு," என்றார். அவ்வளவுதான்.

ஹோல் சுவர் காய்ந்தபோது மிக அழகாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா பின்னேரங்களில் வாசலில் கதிரையைப் போட்டு, தெருவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை, வீட்டுக்காரர் சும்மா வெருட்டியிருக்கிறார் என்று நான் ஆறுதல்பட்டேன்.

பிறகு மழை வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள் விடிய எழும்பி ஹோலுக்குப் போனேன். தெருப்பக்கச் சுவர் வியர்த்திருந்தது. ஓரிடத்தில் பச்சை கொப்புளம் போட்டிருந்தது. தொட்டதும் பொருக்காக உதிர்ந்து உள்ளே பழைய கறை தெரிந்தது. மற்ற இடங்களில் கை வைத்தால் ஈரப் பச்சை கையோடு வந்தது. அறைச் சுவர்களைப் போய்த் தடவிப் பார்த்தேன். அவை கல்லுப்போல இருந்தன. எதிர்ச் சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி, கொப்புளத்துக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினேன்.

அப்போது சின்னம்மா உள்ளே வந்தார். அப்பா முந்தின இரவு நடுவில் போட்டுவைத்த கதிரைகளைப் பார்த்தார்.

"இதுகள் நடுவிலை கிடந்தால் தேத்தண்ணி கொண்டு வர ஏலாது. ஒரு கை பிடி, சுவரோடை தள்ளுவம்."

எந்தச் சுவரோடு என்று கேட்கத் தேவையில்லை, தெருப்பக்கச் சுவர்தான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் தண்ணீர்க் கதை வரும். கதிரையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன்.

காரைநகரிலிருந்து அவர்கள் பாதையில் வந்தார்கள். ஆட்களையும் சைக்கிள்களையும் ஒன்றாக ஏற்றிக் கடலைக் கடக்கும் தட்டையான படகுக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். மாப்பிள்ளையின் தாய் கிறீம் நிறப் பட்டில், தாய்மாமன் வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக. இருவரும் கதிரைகளில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்கள். கதிரைகளுக்கு முதுகு உயரமில்லை. தோள்கள் சுவரில் பட்டன. அப்பா நாட்டு நிலைமை பேசினார். மாமன் மழையைப் பற்றிப் பேசினார். சின்னம்மா தேநீர்த் தட்டோடு வந்தபோது, கோப்பையை எடுப்பதற்காக அந்த அம்மா முன்னுக்குக் குனிந்தார்.

தோளிலிருந்து முதுகு பாதிவரை வாழைக்குருத்துப் பச்சை.

முதலில் கண்டது மாமன். "அக்கா, உன்ரை முதுகு!" என்றார். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "என்னைச் சொல்லாதை, உன்ரையைப் பார்!" என்றார். அப்பா பாய்ந்து போய் மாமனின் முதுகைத் துவாயால் துடைத்தார். ஈரச் சுண்ணாம்பு துடைத்தால் போகுமா? அதுவரை தோளில் மட்டும் இருந்தது இடுப்புவரை இழுபட்டது. சத்தம் கேட்டு மறு பாதியிலிருந்து வந்த வீட்டுக்காரர் சுவரில் ஒரு விரல் வைத்து, அதை நாக்கில் வைத்தார்.

"உப்பு. அப்பவே சொன்னனான் தம்பி, நல்ல தண்ணி எண்டு."

"நல்ல தண்ணிதானே எடுப்பிச்சனான்…" என்று சொல்லிக்கொண்டே அப்பா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அத்தான்," என்றார் சின்னம்மா. தட்டு அவர் கையில் ஆடவில்லை. "நான்தான் கலந்தனான். தண்ணி போதாமல் போக வளவுக் கிணத்திலை அள்ளினனான். என்ரை பிழை."

மாப்பிள்ளையின் தாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சுண்ணாம்பு கரைக்கத் தெரியாத பிள்ளை கறிக்குப் புளி கரைக்குமே?"

"சுவரே ஒட்டேல்லை. இந்தச் சம்பந்தம் ஒட்டுமே?" என்றார் மாமன். அபசகுனம் என்று முடிவாயிற்று. தேநீர் குடிக்காமலே போனார்கள். தெருவில் இரண்டு பச்சை முதுகுகள் துறைமுகம் நோக்கி நடந்ததை ஊரே பார்த்தது.

அப்பா இரண்டு நாள் வாசலில் கதிரை போடவில்லை. நான் அன்றே பிழைத்துவிட்டேன். தப்பினேன் என்ற நிம்மதி எவ்வளவு இனித்ததோ, அவ்வளவுக்கு அது பின்னாளில் கசந்தது. சின்னம்மா என் முகத்தைப் பார்த்து ஊகித்து, எனக்காகப் பொய் சொல்லி, கிடைக்க இருந்த வாழ்க்கையையும் இழந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். சின்னம்மா தொடர்ந்து பள்ளிக்கூடம் போனார். சில வருடங்கள் கழித்து, தன்னோடு படிப்பித்த ஒருவரைக் கட்டினார். தீவை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்த பிறகும், போன போன இடமெல்லாம் படிப்பித்தார். பள்ளிக்கூட அதிபராகத்தான் ஓய்வு பெற்றார். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பச்சை முதுகுகள்தான் தெரிந்தன.

போன மாதம் தொலைபேசியில் சின்னம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பாழ்வளவு, பூவரச மரம், பொய் மூச்சு எல்லாம். மறுமுனையில் சத்தமில்லை. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"விசரா! அந்தத் தண்ணியிலை சவர்க்காரம் நுரைக்கேல்லை. கை கழுவினவளுக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சும் ஏன் சின்னம்மா அதிலையே கலந்தனீங்கள்?"

"எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது மோனை," என்றார். பிறகு என் கண் எப்படி, மருந்து ஒழுங்காக விடுகிறேனா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்த விடியற்காலை முழுதாகத் திரும்பி வந்தது. கதிரைகளைச் சுவரோடு தள்ளியதும், அவை போதிய அளவு நெருங்கவில்லை என்று சின்னம்மா இன்னும் ஒரு சாண் தள்ளச் சொன்னார். பிறகு கலண்டரை மெல்லத் தூக்கி, கீழே இருந்த கொப்புளத்தைப் பார்த்து, அதை மறைத்துக் கலண்டரை அதே ஆணியில் திரும்ப மாட்டினார். சுவரில் ஒரு விரலை இழுத்து, நுனியில் ஒட்டிய பச்சையைப் பார்த்து, அதைத் தன் பாவாடை ஓரத்தில் துடைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். பாவம் சின்னம்மா, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.