படம் பார்த்த தோஷம்

எழுபதுகளில் நான் தேயிலைத்தூள் வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். மாதம் ஒருமுறை போனக்காடு எஸ்டேட்டுக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கி, மூட்டையோடு இறங்கி வந்து, கிழக்கேகோட்டை ஹோட்டல்களுக்குப் போடுவேன். கரமனையில் வீடு. நானும் மனைவியும் மட்டும்தான். பகவான் குழந்தை பாக்கியம் தரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவளை மலையாளப் படம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். போஸ்டரில் ஒரு பெண் நிலவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். குடும்பப் படம் என்று நம்பிவிட்டேன். டிக்கெட் கிழித்தவன் என் நெற்றி விபூதியைப் பார்த்துச் சிரித்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மலை மேல் ஒரு தேயிலை பங்களா. அதில் ஒரு தம்பதி. யார் யாரோடு வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒருவருக்கொருவர் பொய் சொல்லக்கூடாது என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. பிறகு நடந்ததையெல்லாம் நான் எழுத மாட்டேன். பாதிப் படம் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். நடுவில் ஒரு கொலை. செய்தது யார் என்று இடைவேளைக்கு முன்பே என் மனைவி சொல்லிவிட்டாள். அதற்கு மேலும் ஒரு மணி நேரம் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. மூடுபனி என்று அவர்கள் விட்ட புகையில் செத்துக் கிடந்தவனே இருமினான். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. கட்டின பெண்டாட்டியைக் கூட்டிப்போய் இதையா காட்டினோம் என்று உடம்பே கூசியது. நேரே பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். பிள்ளையாருக்கு எப்போதும் ஒரு தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம். அன்று பதினொன்று வாங்கி உடைத்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று என் அம்மா வளர்த்த வளர்ப்பு.

பஸ்ஸில் பாதி வழியில் கேட்டாள்: "ஏன்னா, என்ன தோஷத்துக்கு இத்தனை தேங்காய்?"

"படம் பார்த்த தோஷம்தான்."

"பாக்கறதுக்குப் பதினொண்ணா?" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "அவா ரெண்டு பேரும் கெட்டவாதான். ஆனா பொய் சொல்லலை, கேட்டேளா" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படத்திலும் மலை, தேயிலை. நானும் மாதாமாதம் மலையேறுகிறவன்.

அவள் மனசு சமாதானமாகட்டும் என்று அடுத்த மாதமே எஸ்டேட் போவதை நிறுத்தினேன். வருமானம் குறைந்தாலும் உள்ளூர் சாலை பஜாரிலேயே தூள் வாங்கினேன். அவள் ஒரு வாரம் பார்த்தாள். பிறகு, காப்பி டம்ளரை வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "நிறுத்த ஒண்ணு இருந்தாத்தானே நிறுத்துவா."

மறுநாள் விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு, "கிளம்பு, போனக்காடு போவோம். நீயே வந்து பாரு, யாரை வேணா கேளு" என்றேன்.

அவள் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வந்து பாத்து ஒண்ணும் இல்லைன்னு ஆச்சுன்னா, ஆம்படையானைச் சந்தேகப்பட்ட பாவம் எனக்கு. இருக்குன்னு ஆச்சுன்னா, அப்பறம் நான் எங்கே போறது? வேண்டாம்னா. இப்படியே இருந்துடலாம்."

பையைக் கீழே வைத்துவிட்டேன். அப்படியேதான் இருந்தோம். ஒரு குறையும் வைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டாள். சண்டை என்று ஒரு நாள் கிடையாது. ஆனால் எதற்கும் என்னைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். வெளியூர் போனால் எப்போது வருவீர்கள் என்றுகூடக் கேட்டதில்லை.

இப்போது அவள் இல்லை. அன்று கையைப் பிடித்து இழுத்தாவது பஸ் ஏற்றியிருக்க வேண்டும். எஸ்டேட்டில் நான் படுத்தது தூள் மூட்டைகளுக்கு நடுவே, ஓட்டை விழுந்த தகரத்தின் கீழே. மழை பெய்தால் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதைப் பார்த்திருந்தால், "இதுக்கா இத்தனை நாள் வந்தேள்?" என்று என்னைத் திட்டியிருப்பாள். அந்தத் திட்டு எனக்குக் கிடைக்காமலே போயிற்று.