செல்லசாமியின் முதுகுக்கு ஒரு பிரேம்

செல்லசாமியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் எந்த லயத்தில் போய்க் கேட்டாலும் உட்கார வைத்துச் சொல்வார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. என் பெயர் கஜேந்திரன். ஹட்டன் பஜாரில் பை, குடை, ஜிப் திருத்தும் கடை வைத்திருக்கிறேன், பின்கட்டில்தான் குடியிருப்பு. அவனும் நானும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், நாலு காம்பரா தள்ளிப் பிறந்தவர்கள். அன்றிலிருந்து இன்றுவரை அவனைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. அதனாலேயே அவனை என் அளவுக்குக் கவனித்தவர்கள் வேறு யாருமில்லை.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டான். நான் பத்து வரை போனேன். கொழும்பில் ஒரு கடையில் ஐந்து வருடம் மூட்டை தூக்கினான். திரும்பி வந்து தோட்டத்தில் உர மூட்டை தூக்கினான். லோஜினியைக் கட்டினான், அவள் இன்னும் அதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பொறுங்கள்.

சில வருடங்களுக்கு முன் தேயிலை மலை வழியே நாள்கணக்கில் நடக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது, இவர்களுக்கு நடந்துதான் போக வேண்டும். சாமான் சுமக்க ஆள் தேவைப்பட்டது. தங்குவிடுதிக்காரர் ஒருவர் செல்லசாமியைக் கூப்பிட்டார். அதோடு அவனுக்கு ஏறுமுகம். அவன் பேசும் இங்கிலீஷில் வினைச்சொல் என்று ஒன்று கிடையாது. "டுமாரோ மலை, வெரி பிக் மேகம்" என்பான். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், தோளில் கை போட்டுப் படம் எடுப்பார்கள், போகும்போது எதையாவது கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலுக்கு நல்ல சப்பாத்து, மழைக்கோட்டு, நெற்றியில் கட்டும் விளக்கு. நான் பத்தாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு குடைக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. என் மனைவி ஜீவராணிக்கு அவன் தாய்மாமன் மகன், கட்டிக்கொள்ளும் முறை. அவன் கொழும்பில் நிலையில்லாமல் இருந்த நேரம் பார்த்து நான் போய்ப் பெண் கேட்டுவிட்டேன். அவன் கோபித்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முதல் ஆளாக வந்து பந்தல் கட்டினான், மேளக்காரர்கள் முன்னால் ஆடினான். இன்றைக்கும் ஜீவராணி "எங்க மச்சான்" என்று சொல்லும்போது முகம் ஒரு மாதிரி மலர்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

என்னிடம் இருந்தது ஒன்றுதான். என் கைவேலையை ஜீவராணி நம்பினாள். கடையில் தையல் மிஷின் அவளுடையது, பட்டி, ஜிப் எல்லாம் அவள் வேலை. கம்பி, பூட்டு, பிரேம் என் வேலை. வருகிறவர்களிடம் "அவரு ஒரு வேலய அரகொறயா செஞ்சு நான் பாத்ததில்ல" என்று சொல்வாள். செல்லசாமியைப் பற்றி அவள் அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு பேச்சு எனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டினேன்.

இனி அந்தப் பைக்கு வருகிறேன். ஏதோ ஒரு நாட்டு இராணுவம் வேண்டாமென்று விற்றுவிட்ட பழைய முதுகுப்பை அது. வயதான வெள்ளைக்காரர் ஒருவர் கொண்டுவந்து, மலையேறி முடித்ததும் செல்லசாமியிடம் விட்டுவிட்டுப் போனார். கடும்பச்சைக் கான்வஸ், முதுகுப் பக்கம் அலுமினியக் குழாயில் பிரேம். இராணுவச் சீருடை மாதிரிப் புள்ளி போட்ட துணியாக இருந்திருந்தால் பொலிஸ்காரர்கள் எப்போதோ பிடுங்கியிருப்பார்கள். செல்லசாமி அதன் மேல்முனையில் கொழுந்துக் கூடைக்குக் கட்டுவது போல ஒரு கயிறு கட்டி, பாரம் கூடும்போது தலையில் கொடுத்துக்கொள்வான். நம் பெண்கள் எத்தனையோ தலைமுறையாகத் தலையில் கயிறு போட்டுக் கூடை சுமக்கிறார்கள். அவர்களையும் படம் எடுக்கிறார்கள், ஆனால் பெயர் கேட்பதில்லை. செல்லசாமியின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போகிறார்கள்.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தான். பிரேம் இரண்டு இடத்தில் முறிந்து, பஸ்ஸில் யாரோ மிதித்து, முழுதாகச் சப்பையாகிப் போயிருந்தது. அன்று ஜீவராணி அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் வந்தானே என்று எனக்குச் சந்தோசம்.

"கஜா, இதுக்குப் புதுசா ஒரு பிரேம் போட்டுக் குடுடா. வெள்ளிக்கெழம கெளம்பணும். பத்து நாளு நட. ஒரு குடும்பம், என்னயத்தான் வேணும்னு எழுதிக் கேட்டிருக்காங்க."

"ஒனக்கென்னப்பா, எழுதிக் கேப்பாங்க."

"அளவு எடுத்துக்கிறியா?" சட்டைப் பொத்தானில் கையை வைத்தான்.

"ஒன் அளவு எனக்குத் தெரியாதா? போயிட்டு வெயாழக்கெழம வா" என்றேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் சாமி தூக்க ஒரே உயரமான ஆட்களாகப் பார்த்து ஜோடி போடுவார்கள். பதினெட்டு வயதிலிருந்து நானும் அவனும்தான் முன் ஜோடி. தோளுக்குத் தோள் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அதனால் என் முதுகு அளவுதான் அவன் அளவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் போன வருடத் திருவிழாவில் அவனை முன் ஜோடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பின்னால் நின்று, வலது தோளில் துண்டை நாலாக மடித்து வைத்துத்தான் அவன் கம்பைத் தாங்கினான். அதை நான் பார்த்தேன். பார்க்காதவன் போல ஒரு பிரேம் செய்தேன். அளவெடுக்க வேண்டுமானால் அவனைத் தொட வேண்டும், தொட்டு "கொஞ்சம் திரும்பு" என்று பணிவாகச் சொல்ல வேண்டும். மனசு வரவில்லை.

வேலையில் மற்றக் குறை ஒன்றும் வைக்கவில்லை. ஒரு ஹோட்டல் தோட்டத்தில் கிடந்த உடைந்த மடக்கு நாற்காலியின் அலுமினியக் குழாயை எடுத்தேன். குழாய்க்குள் மணலை இறுக்கி அடைத்து, மரக்கட்டையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். மணல் இல்லாமல் வளைத்தால் மடிந்துபோகும். அலுமினியம் ஒட்ட இங்கே வசதியில்லை, ஆகவே மூட்டுகளுக்குள் சின்னக் குழாய் செருகி ரிவெட் அடித்தேன். பையை மாட்டி, உள்ளே பழைய குடைக்கம்பிகளை நிரப்பி, என் முதுகில் ஏற்றிப் பார்த்தேன். அளந்து செய்தது போல உட்கார்ந்தது. கதவைச் சாத்திவிட்டு அந்தச் சின்னக் கடைக்குள் இங்குமங்கும் நடந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம் கஜேந்திரன்தான் வேண்டும் என்று எழுதிக் கேட்பதாக நினைத்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு தரம் நடந்தேன்.

வியாழக்கிழமை செல்லசாமி வந்து வெறும் பையை மாட்டிப் பார்த்து "சூப்பர்டா" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனான். வெள்ளி போனவன் திங்கள் மத்தியானம் கடை வாசலில் நின்றான். பையைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றான். ஜீவராணி மிஷினில் இருந்தாள். முதலில் அவள்தான் அவன் சட்டையைப் பார்த்தாள்.

"மச்சான், ரத்தம்!"

"ஒண்ணுமில்ல புள்ள, கொஞ்சம் ஒரசிருச்சு."

அவள் விடவில்லை. பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போய் சட்டையைத் தூக்கினாள். வலது இடுப்பெலும்புக்கு மேலே, பிரேமின் கீழ்க் குழாய் உரசிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பிய்ந்து போயிருந்தது. மூன்றாம் நாள் அவனால் நிமிர முடியவில்லையாம். அந்தக் குடும்பம் அழுதுகொண்டே வேறொரு ஆளைச் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. புண் ஆறும்வரை வரவேண்டாம் என்று விடுதிக்காரரும் சொல்லிவிட்டார்.

ஜீவராணி என் பக்கம் திரும்பினாள். "நீங்க அளந்துதான செஞ்சீங்க?"

"அளந்தேன்" என்றேன்.

செல்லசாமி என்னை ஒரு பார்வை பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு அவளிடம் சொன்னான்: "அளந்தான் புள்ள. நாந்தான் கூச்சத்துல வெறச்சு நிமிந்து நின்னுட்டேன். எம்மேலதான் பெசகு."

அவன் அப்படிச் சொன்னதில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அதிலும் அவனே பெரிய மனுசன் ஆகிவிட்டானே என்ற கோபம்.

ஜீவராணி வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். சட்டியைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டாள். வேறு வழியில்லாமல் அவன் முதுகை வெளிச்சத்தில் பார்த்தேன். வலது தோள் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. முதுகெலும்பு இடது பக்கமாக வளைந்து போய்த் திரும்பி வந்தது. பட்டி அழுந்தும் இடமெல்லாம் தோல் தடித்துக் கறுத்து, பழைய பையின் அடித்தோல் போல இருந்தது. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. என் முதுகில் ஜீவராணி துவைத்த சட்டையைத் தவிர வேறெதுவும் பிழைப்புக்காக ஏறியதில்லை. இந்த முதுகைப் பார்த்தா இத்தனை காலம் எரிந்தேன் என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது அவள் "வலிக்குதா மச்சான்" என்று கேட்டாள், மறுபடியும் எரிந்தது. மனுசப்பிறவி இப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்வது.

மூன்று வாரம் கழித்துப் புண் ஆறி வந்தான். அவனைப் பின்கட்டில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். தினசரிப் பேப்பரை விரித்து முதுகில் ஒட்டிப் பிடித்து, பென்சிலால் தோளிலிருந்து இடுப்புவரை கோடு இழுத்தேன். கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். "அசையாத" என்று அதட்டினேன். வலது பக்கம் ஒரு கணக்கு, இடது பக்கம் ஒரு கணக்கு. உயரத்தில் என்னைவிட மூன்று விரல் குறைந்திருந்தான். தோளுக்குத் தோள் நின்ற ஆள்.

நான்கு நாள் எடுத்தேன். வலது குழாயை இரண்டு விரல் குட்டையாக வெட்டினேன். கீழ்க் குறுக்குக் குழாயை முதுகில் படாமல் வெளிப்பக்கம் வளைத்து, அதன் முன்னால் அகலமான பட்டியை இழுத்துக் கட்டச் சொல்லி ஜீவராணியிடம் கொடுத்தேன். தரையில் நிறுத்தினால் பிரேம் ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கத்துக் கடைப் பொன்னையா எட்டிப் பார்த்து "என்னப்பா, கோணலாப் போச்சு" என்றார். என் வாழ்நாளில் அவ்வளவு சரியாக ஒரு சாமான் செய்ததில்லை என்று அவரிடம் சொன்னேன்.

செல்லசாமி வந்ததும் பைக்குள் இருபது கிலோ அரிசி மூட்டையை வைத்து மாட்டிவிட்டேன். ஸ்டேசன் பக்கம் ஏறி இறங்கிவிட்டு வரச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவன் பையை இறக்கவில்லை. வாசலில் நின்றபடியே தோளைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தான். ஜீவராணி மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ராணி, ஒண்ணு தெரியுமா?" என்றான். "நான் போடுறது, சொமக்குறது எல்லாமே இன்னொருத்தன் அளவுக்குச் செஞ்சது. எங்க அண்ணன் சட்டையிலதான் நான் தாலி கட்டினேன். எனக்குன்னு அளந்து செஞ்ச மொதச் சாமான் இதான் புள்ள."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வாயை மூடினான். மிஷின் நின்றது.

"மொதச் சாமானா?" என்று கேட்டாள் ஜீவராணி. "அப்ப போன மாசம் செஞ்சது?"

செல்லசாமி என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, "அது வந்து புள்ள, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா" என்று தொடங்கினான். எனக்காக இன்னொரு பொய்யைத் தேடுகிறான் என்று தெரிந்தது. அதையும் அவன் சொல்லிவிட்டால் சாகும்வரை அதற்கும் சேர்த்து நான் எரிய வேண்டும். என்னால் முடியாது.

"அளக்கல" என்றேன். "இவன தொடப் புடிக்காமத்தான் அளக்கல. இவன் தோளு எறங்கிப் போனது எனக்கு முந்தியே தெரியும்."

ஜீவராணி நூலை அறுத்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. என் பக்கம் பார்க்கவே இல்லை. எழுந்து போய் அவன் தோளிலிருந்து பையை இறக்கி வைத்தாள்.

"சோறு ஆறுது மச்சான். வாங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

அவன் இரண்டடி போய் நின்று, திரும்பிப் பார்த்தான்.

"நீயும் வாடா" என்றான்.

என் வீட்டில், என் மனைவி ஆக்கிய சோற்றுக்கு, அவன் என்னைக் கூப்பிட்டான். போனேன்.