மீர்சா நுஸ்ரத் மொழிபெயர்க்காத வாக்கியம்

காஷான் ஊரில் மீர்சா நுஸ்ரத்துக்கு மரியாதை தெரிந்தவன் என்று பெயர். எதிரே வருகிறவன் கழுதைக்காரனாக இருந்தாலும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவான். ஒரு வாசலில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல நுழைய வேண்டி வந்துவிட்டால் போச்சு, ‘நீங்க முதல்ல’, ‘ஐயோ, நீங்க முதல்ல’ என்று பொழுது சாயும்வரை நிற்பான். அந்த ஊரே அப்படித்தான்; இவன் இன்னும் ஒரு படி மேல். மரியாதை மனிதனை வாழவைக்கும் என்பார்கள். வாழவைக்கட்டும், யார் வேண்டாம் என்றது! இவனை அது படுத்திய பாட்டைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

சின்ன வயதில் ஒரு பட்டு வியாபாரியோடு பம்பாய்க்குப் போய், கடையிலேயே கிடந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டு வந்தவன். ஊர் திரும்பியதும் மஹ்லகாவைக் கட்டினான். கோவேறு கழுதைகளில் சரக்கேற்றிப் பிழைக்கும் எய்வஸின் தங்கை அவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். வருஷங்கள் போயின, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. போகாத தர்கா இல்லை, கட்டாத தாயத்து இல்லை. கடைசியில் ஒருவழியாகத் தங்கியது. அந்த நேரம் பார்த்துத்தானா இந்தக் கம்பி விவகாரம் வந்து தொலைய வேண்டும்!

இங்கிலீஷ்காரர்களுக்கு லண்டனிலிருந்து இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்தாக வேண்டும். நடுவிலே நம் ஷாவின் பூமி கிடக்கிறது. அவர்கள் சார்பில் பேசி முடிக்க தெஹ்ரானுக்கு ஒரு கேப்டன் வந்து இறங்கினார், பெயர் தோர்ன்பி. ஷாவின் சார்பில் தஹ்மாஸ்ப் கான். கேப்டனுக்கு நம் மொழியில் ‘ரொட்டி’, ‘குதிரை’ என்பதற்கு மேல் வராது. கானுக்கு ஆங்கிலத்தில் அவ்வளவுகூட வராது. இரண்டு ராஜாங்கங்களுக்கும் நடுவில் ஒரு நாக்கு வேண்டியிருந்தது. மீர்சாவின் நாக்கைக் கேப்டன் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார். பிரசவத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று மஹ்லகாவிடம் சொல்லிவிட்டுத்தான் மீர்சா கிளம்பினான்.

பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு. கம்பத்துக்கு மரம் யார் வெட்டுவது, கம்பத்தில் ஒட்டகம் முதுகு தேய்த்துச் சாய்த்துவிட்டால் யார் நிமிர்த்துவது என்று தர்பூசணிக் காலம் முழுக்க ஓடிப்போனது. கேப்டன் எதைக் கேட்டாலும் கான் ஹூக்காவை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “ஆகட்டும், பாக்கலாம்” என்பார். கேப்டனுக்கு அதைக் கேட்டாலே காது சிவந்துவிடும்.

ஒருநாள் கேப்டன் நல்ல மனசோடு ஒரு தொலைநோக்கியைக் கானுக்குப் பரிசாக நீட்டினார். கான், “ஐயையோ, எனக்கெதுக்கு இதெல்லாம், வேண்டவே வேண்டாம்” என்றார். கேப்டன் என்ன செய்தார் தெரியுமா? சரி என்று எடுத்துத் திரும்பவும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்! கானின் முகம் தொங்கிப்போனது.

கான் போனதும் மீர்சா தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். “சாஹிப், இங்க முதல் வேண்டாம் வேண்டாமே இல்லீங்க. அது சும்மா உபசாரம். ரெண்டாவது வேண்டாம் மரியாதைக்கு. மூணாவது தரமும் வேண்டாம்னு சொன்னாத்தான் நெஜமாவே வேண்டாம்.”

“அப்ப மனசுல இருக்கறத எப்பத்தான்யா வாய்விட்டுச் சொல்லுவீங்க?”

“கேக்கறவங்க விடாம கேட்டா சொல்லுவோம், சாஹிப்.”

கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் மூன்று தரம் நீட்டினார். கானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டார். அதன்பின் பேச்சு வழுக்கிக்கொண்டு போயிற்று. கடைசியில் ஒரே ஒரு சங்கதிதான் பாக்கி: கம்பி முழுக்க ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்ற ஷரத்து. அதற்கும் கான் பாதித் தலையை ஆட்டிவிட்டார்.

அப்போதுதான் எய்வஸ் சரக்கோடு தெஹ்ரானுக்கு வந்தான். கழுதைகளைச் சத்திரத்தில் கட்டிவிட்டு நேரே மீர்சாவிடம் வந்து நின்றான்.

“மச்சான், கெளம்பு. அவளுக்குக் காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. ஜொரம் விட மாட்டேங்குது. மருத்துவச்சி ஒதட்டப் பிதுக்கறா. ‘அவர வரச் சொல்லு, அவர வரச் சொல்லு’ன்னு ஒரே பொலம்பல். நாளைக்குச் சரக்க எறக்கிட்டு நான் திரும்பறேன். நீயும் வந்துடு.”

“கேப்டன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன், மச்சான்.”

“கேக்கறதாவது! பொண்டாட்டி சாகக் கெடக்கான்னு சொல்லிட்டுக் கெளம்பு.”

“நல்ல மனுஷன்தான். கண்டிப்பா விடுவாரு.”

நல்ல மனிதர்தான். ஆனால் போய்க் கேட்க இவனுக்கு வாய் வர வேண்டுமே! மறுநாள் காலையில் கேப்டனின் அறை வாசலில் இரண்டு தரம் நின்று, இரண்டு தரமும் திரும்பிவந்தான். கேப்டனின் சமையல்காரர் ஹைகாஸ் ஓர் ஆர்மீனியர்; எய்வஸ் சொன்னதை அவரும் கேட்டிருந்தார். அவர்தான் பொறுக்கமாட்டாமல் தேநீர் கொடுக்கும்போது கேப்டன் காதில் போட்டார். கேப்டனும் மனிதர்தானே, உருகிவிட்டார். அன்று பேச்சு தொடங்கிக் கானும் எதிரில் உட்கார்ந்திருக்கையில் சட்டென்று இவன் பக்கம் திரும்பினார்.

“மீர்சா, உன் மனைவிக்கு ரொம்ப முடியலையாமே. ஊருக்குப் போகணுமா? போறதுன்னா இப்பவே போ. மிச்சத்த எப்படியாவது சமாளிச்சுக்கறேன்.”

போகிறேன் என்று ஒரே ஒரு சொல்! அதுதானே வேண்டும்? ஆனால் எதிரே கான் இருக்கிறார், பணியாட்கள் இருக்கிறார்கள். நாற்பது வருஷமாகப் பழகின நாக்கு இவனைக் கேட்காமலே புரண்டது.

“ஐயோ சாஹிப், உங்க வேலைய விட என் வீடு பெருசா? அதெல்லாம் வேண்டாங்க.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டாவது தரம் கேட்பார் என்று காத்திருந்தான். கேட்டால் கொஞ்சம் இழுக்கலாம்; மூன்றாவது தரம் கேட்டால் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடிவிடலாம்.

“சபாஷ்! வேலைக்காரன்னா இப்படி இருக்கணும்!” என்று கேப்டன் அவன் முதுகில் தட்டிவிட்டு அடுத்த ஷரத்தைப் புரட்டினார்.

பாவி மனுஷா! அன்றைக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்தானே? கானுக்குக் கொடுக்கும் பரிசுக்குத்தான் அது, தன் ஆளுக்கும் அதுவே பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கானுக்கு ஆங்கிலம் புரியாவிட்டாலும் முகம் புரியும். “என்ன மீர்சா, வீட்டுல என்ன?” என்று நம் மொழியில் கேட்டார். மீர்சா மென்று விழுங்கிச் சொன்னான். கான் ஹூக்காக் குழாயைக் கீழே வைத்தார்.

“அட, மரியாதைக்குச் சொன்னத அந்தாளு நெஜம்னு எடுத்துக்கிட்டாரா? நான் சொன்னேன்னு சொல்லு: ‘இவன் உபசாரத்துக்கு வேண்டாம்னான். இவன் போய்த்தான் ஆகணும். இன்னிக்கே அனுப்பி வைங்க.’ ம், சொல்லு.”

கடவுளே, அதை யார் சொல்வது? இவன்தான் சொல்ல வேண்டும்! தன்னை அனுப்பச் சொல்லித் தன் வாயாலேயே, அதுவும் ராஜாங்கப் பேச்சுக்கு நடுவில் கான் வாக்காக. தனக்கு வேண்டியதைத் தானே கேட்பவனைப் பிச்சைக்காரன் என்பார்கள் அந்த ஊரில். கேப்டன் என்ன நினைப்பார்? கான் பெயரைச் சொல்லி இவனே கட்டிவிடுகிறான் என்றுதானே? கேப்டன் வேறு, “என்ன சொல்றாரு, என்ன சொல்றாரு?” என்று அவசரப்படுத்தினார்.

“தேநீர் நல்லா இருக்குங்கறாரு, சாஹிப்.”

“ஓ! ரொம்ப சந்தோஷம்” என்று கேப்டன் பல்லைக் காட்டித் தலையை ஆட்டிவிட்டு ஷரத்தைத் தொடர்ந்து வாசித்தார்.

கான் அதைப் பார்த்தார். சாகக் கிடக்கிற பெண்ணைச் சொன்னால் சிரிக்கிறானே இவன்! அவர் முகம் இறுகிப்போனது.

“தன் ஊழியன் பொண்டாட்டி செத்துக்கிட்டிருக்கும்போது சிரிக்கற மனுஷன். இவங்க மேற்பார்வையிலயா எங்க ஆளுங்கள விடறது? முடியாதுன்னு சொல்லு.”

மீர்சா அந்த ‘முடியாது’ என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னான். நேற்று சரி என்றவர் இன்று ஏன் முடியாது என்கிறார் என்று கேப்டன் கத்தினார். காரணம் சொல்லவில்லை என்றான் மீர்சா. கான் எழுந்து போய்விட்டார்.

சத்திரத்தில் எய்வஸ் கழுதைகளுக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தான். “என்னாச்சு? விடறாங்களா, இல்லையா?”

நடந்ததை எப்படிச் சொல்வது? ‘போ’ என்றார்கள், நான்தான் வேண்டாம் என்றேன் என்றா?

“விட மாட்டேங்கறாங்க, மச்சான். அவகிட்ட அப்படியே சொல்லிடு.”

எய்வஸ் காறித் துப்பிவிட்டுக் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனான்.

இவன் சும்மா இருந்தான் என்று நினைக்காதீர்கள். வெட்கத்தை விட்டுக் கேப்டனிடம் போய், “சாஹிப், அன்னிக்கு நான் சொன்னது…” என்று ஆரம்பித்தான்.

“இப்பவா? அன்னைக்கே போன்னு சொன்னேனே! அந்தக் கான் முறுக்கிக்கிட்டு நிக்கற இந்த நேரத்துல நீயும் போயிட்டா நான் செவிடன்யா. அந்த ஒரு ஷரத்து முடியட்டும், என் குதிரையவே தரேன்.”

அங்கிருந்து கானின் மாளிகைக்கு ஓடினான். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று எண்ணம். வாயைத் திறக்குமுன்பே கான் தோளைத் தட்டினார். “கவலப்படாதே, மீர்சா. உனக்காகத்தான் பிடிவாதமா நிக்கறேன். உன்ன ஊருக்கு அனுப்பற வரைக்கும் அந்தாளுக்கு என் முத்திரை கெடையாது.”

இனி என்னத்தைச் சொல்வது? இரண்டு ராஜாங்கங்களின் பேச்சில் ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டேன் என்றா? அதற்கு உள்ளங்காலில் பிரம்படி விழும். அடி விழுந்தால்கூடப் பரவாயில்லை, இவ்வளவு பெரிய மனிதர் தனக்காக நின்ற நிலையில் அவரை எப்படி முட்டாளாக்குவது? “உங்க நெழல் எங்க மேல எப்பவும் இருக்கணும்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் வாயைத் திறந்தும் கெட்டான், மூடியும் கெட்டான். தெருவில் நின்று கேவிக் கேவி அழுதான். மாதுளை விற்கிறவன் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தான்.

அப்படியே இழுத்தது. இவனை அனுப்பினால் கான் முத்திரை போடுவார். முத்திரை போட்டால் கேப்டன் அனுப்புவார். இடையில் நின்றவனோ நாள்தோறும் ‘முடியாது’ என்பதை அங்குமிங்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். மலையில் பனி விழுந்தது. கடைசியில் அரண்மனையிலிருந்தே உத்தரவு வந்தது: ‘மேற்பார்வை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘உதவி’ என்று போட்டுக்கொள்ளுங்கள். கேப்டன் அதற்கென்ன என்றார். ஒரு சொல்லை மாற்ற ஒரு நாழிகைகூட ஆகவில்லை. இருவரும் முத்திரை குத்திவிட்டு ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள்.

கேப்டன் சொன்ன சொல் தவறவில்லை, தன் குதிரையைக் கொடுத்தார். மீர்சா எங்கும் சரியாகத் தூங்காமல், வழியிலிருந்த கும் என்ற ஊரின் தர்காவைக்கூட எட்ட நின்றே வணங்கிவிட்டுக் காஷான் போய்ச் சேர்ந்தான். வீட்டு வாசலில் கறுப்புத் துணி தொங்கியது. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

எய்வஸ் வந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். “உன்ன ஒரு வார்த்த திட்டல, மச்சான். கடைசி வரைக்கும் அந்த வெள்ளக்காரனத்தான் திட்டினா. ‘விட மாட்டேங்கறானே பாவி, அவரு அங்க என்ன பாடுபடறாரோ’ன்னு உனக்காக அழுதா. உசுரு போற நேரத்துலயும் உன் மேல ஒரு கொற சொல்லல.”

எய்வஸின் மனைவி கம்பளியில் சுற்றிய பெண் குழந்தையைக் கொண்டுவந்து இவன் கையில் வைத்தாள். “பாத்தியாடி உங்கப்பாவ! வந்திருப்பாருடி. அவங்க விடல. விட்டிருந்தா பறந்து வந்திருக்க மாட்டாரா?” என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, இவனை நிமிர்ந்து பார்த்து, “இல்லியாண்ணே?” என்றாள்.

கூட்டம் முழுக்க அவன் வாயையே பார்த்தது.

“ஆமாம்மா,” என்றான் மீர்சா நுஸ்ரத். “விடவே இல்ல.”