ஆசியக் கால்பந்துக்குப் போன ராஜபாளையம் பேண்டேஜ்

பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் யாரையும் "அடிபடாம நல்லா இருங்க" என்று முழு மனசோடு வாழ்த்த முடியாது. பாதி வாழ்த்தும்போதே அடுத்த மாசச் சம்பளம் ஞாபகத்துக்கு வந்துவிடும். பதினெட்டு வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் டவுன் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் ஒரு சின்ன பேண்டேஜ் யூனிட்டில் குவாலிட்டி பார்க்கிறேன். குவாலிட்டி என்றால் பெரிசாக ஒன்றுமில்லை, மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பது. உங்களில் யாராவது இந்தப் பிழைப்பில் இருந்தால் தெரியும், கல்யாணப் பந்தியில்கூட நமக்குப் பக்கத்து இலை காலியாகத்தான் கிடக்கும். ஆசிய நாடுகளின் பெண்கள் கால்பந்துப் போட்டிக்கு எங்கள் கிரேப் பேண்டேஜ் போன கூத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பெயர் போடக்கூடாது

ஆர்டர் கொச்சியிலிருந்து வந்தது. அங்கே ஒரு ஏஜெண்ட், போட்டிக்கு மருத்துவச் சாமான் அனுப்புகிறவர். முதலில் நூறு ரோல் சாம்பிள், மைதானத்தில் அது நின்று காட்டினால் வருஷம் பூரா ஆர்டர் என்றார். எங்கள் யூனிட் அப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. பேக்கிங்கில் இருக்கிற நூர்ஜகான் அக்கா, சித்திரை வரைக்கும் பார்ப்பேன், ஆறு நாள் வேலை வராவிட்டால் பிள்ளைகளோடு திருப்பூர் போய்விடுவேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். ஒன்பதாவது படிக்கிற மகள், பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டேன் என்று வீட்டில் அழுதுகொண்டிருந்தாள்.

ஆர்டரோடு ஒரு கத்தை விதிமுறையும் வந்தது. கண்டம் பூராவுக்கும் கால்பந்து நடத்துகிற அமைப்பு போட்ட விதியாம்: மைதானத்துக்குள் போகிற சாமானில் செய்தவன் பெயர் எங்கேயும் தெரியக்கூடாது. எங்கள் முதலாளி வாளி, டீ டம்ளர், வாசல் மிதியடி வரைக்கும் தன் பெயரைப் போட்டு வைத்திருக்கிற மனுஷர். காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, மொய் செஞ்சிட்டுப் பேரு எழுதாமலா வாரது?" என்றார்.

மாடசாமியின் கால்

கிரேப் பேண்டேஜ் இழுத்தால் நீள வேண்டும், விட்டால் சுருங்க வேண்டும். மேசையில் வைத்து ஸ்கேலால் அளந்துவிடலாம். ஆனால் ஓடுகிற காலில் நிற்குமா? எங்களிடம் விளையாட்டுக்காரர் யாரும் இல்லாததால் லோடு ஏற்றுகிற சோழபுரத்து மாடசாமியைப் பிடித்து, முழங்காலில் கட்டி, காம்பவுண்டைச் சுற்றி ஓடவிட்டேன். மூன்றாவது சுற்றில் பேண்டேஜ் கணுக்காலில் கொலுசாகக் கிடந்தது. தறிக்காரரிடம் சண்டை போட்டு இழுவையை மாற்றி, மறுபடி கட்டி, மறுபடி ஓடவிட்டேன். இந்தத் தடவை இருபது சுற்றுக்கும் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

சரி, கழற்று என்றால் மாடசாமி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மூன்று வருஷத்து மூட்டு வலி அன்றைக்குத்தான் அடங்கியிருக்கிறதாம்.

"ஆசியா வேற காலப் பாத்துக்கிடட்டும் அண்ணாச்சி, இத நான் கழத்த மாட்டேன்" என்றான்.

சாமி படத்து ரோல்

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம். புது ஆர்டரில் முதலில் இறங்குகிற ரோலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம். அது வெளியே போகாது. ஆர்டர் முடிந்ததும் யாராவது வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

சாம்பிள் கிளம்புகிற அன்று பார்சல் வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியாக எண்ணினால் தொண்ணூற்றொன்பது. நூறாவது மாடசாமியின் முழங்காலில் இருந்தது. நூர்ஜகான் அக்கா, சார் புதுசா ஒண்ணு சுத்தித் தாரேன், பத்து நிமிஷம் பொறுங்க என்றார். நான் பொறுக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் இருந்ததை எடுத்து, மேல்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து, கவரில் போட்டு, நானே பெட்டிக்குள் திணித்தேன். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு ரோலையும் திருப்பித் திருப்பிப் பார்த்து எல்லோர் உயிரையும் எடுத்தவன், அந்த ஒன்றை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. வேன் போன பிறகு அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சார்" என்றார்.

யாருடைய ரத்தம்?

நான்கு நாள் கழித்து முதலாளியின் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. வெள்ளை ரோல், நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. கொச்சிக்காரர் கீழே ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார், இது யாருடைய ரத்தம் என்று. மொத்தப் பெட்டியையும் நிறுத்தி வைத்துவிட்டார்களாம். கூடவே ஒரு ஃபாரம். என்ன நடந்தது, மூல காரணம் என்ன, இனிமேல் நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள். நானும் அந்த மாதிரி ஃபாரத்தை எத்தனையோ பேர் தலையில் கட்டியிருக்கிறேன்.

பேக்கிங் தப்புன்னு எழுதிரு, சோலி முடிஞ்சது என்றார் முதலாளி. பெட்டிக்குள், பேக் செய்தது யார் என்று காட்டுகிற சீட்டில் நூர்ஜகான் அக்காவின் நம்பர்தான் இருந்தது. அப்படி எழுதினால் அந்த ஆளை அந்த ஆர்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது கொச்சியின் நிபந்தனை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கும் ஒரு நிமிஷம் அது நல்ல யோசனையாகப் பட்டது. முதலாளி அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா கோபப்படவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"குங்குமச் சிமிழ நான் எங்க வச்சிருக்கேன்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றார்.

மூல காரணம்

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது மடியில் அந்த ஃபாரம் இருந்தது. மறுநாள் யாரிடமும் கேட்காமல் எழுதி அனுப்பினேன். நடந்தது: சாமிக்கு வைத்த ரோல் ஆசியாவுக்குப் போய்விட்டது. மூல காரணம்: என் பெயர். இனி நடக்காமலிருக்க: பொட்டை வாசல் நிலையில் வைப்போம். முதலாளி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அக்கா பேசினார், ஆனால் ஃபாரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது நாள் கொச்சிக்காரர் கூப்பிட்டார். அந்த ஒரு ரோலைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் போட்டிக்கு எடுத்துக்கொள்கிறார்கள், வருஷ ஆர்டர் மைதானத்தில் பார்த்த பிறகுதான் என்றார். போனை வைக்குமுன் சிரித்தார்.

"சாரே, மூல காரணம்னு சொந்தப் பேரு எழுதின ஆள நான் இப்பத்தான் பாக்கறேன்."

விழுந்தால் கைதட்டல்

ஒரு நாள் டீ நேரத்தில் ஆபீஸ் டிவியில் ஆட்டத்தைப் போட்டோம். எங்களில் ஒருவருக்கும் ஆஃப்சைடு தெரியாது. பந்து எங்கே போனால் எங்களுக்கென்ன? கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த டாக்டர் அம்மாளின் பையைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பெண்கள் தலைப்பந்துக்கு எம்பினார்கள், மோதினார்கள், ஒருத்தி நெற்றி கிழிந்து விழுந்தாள். எங்கள் யூனிட் கைதட்டியது. "ஒரு புள்ள ரத்தத்தோட கெடக்கு, என்ன சென்மம்யா நீங்க" என்று நூர்ஜகான் அக்கா எல்லோரையும் திட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், தலையைக் குனிந்துகொண்டோம்.

டாக்டர் அம்மாள் பஞ்சை வைத்து, எங்கள் ரோலைப் பிரித்து, தலையைச் சுற்றிக் கட்டினாள். அந்தப் பெண் எழுந்து உள்ளே ஓடினாள். அதற்குப் பிறகு எல்லோர் கண்ணும் அவள் தலைக்கட்டிலேயே இருந்தது. உயரமாக ஒரு பந்து அவளைப் பார்த்து வந்தபோது, எங்களைத் திட்டிய அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார். அவள் அதே நெற்றியால் முட்டினாள். கட்டு ஓர் இழைகூட நகரவில்லை. நான் அழுதேன் என்று மாடசாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அழத்தான் செய்தேன்.

மாலை ஆறு மணிக்குக் கொச்சியிலிருந்து போன் வந்தது. வருஷ ஆர்டர் நமக்குத்தான், திங்கள்கிழமையிலிருந்து ஆறு நாளும் யூனிட் ஓடும் என்று பேக்கிங்குக்குப் போய்ச் சொன்னேன். நூர்ஜகான் அக்கா கையிலிருந்த ரோலை முழுசாகச் சுற்றி முடித்தார். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். பிறகு கேட்டார்:

"அப்ப மக பள்ளிக்கூடத்துல மீட்டிங்குன்னா அரை நாளு விடுவீகளா சார்?"

அந்த விளையாட்டுக்காரப் பெண் எந்த நாடு, அன்றைக்கு ஜெயித்தது யார், ஒன்றும் எனக்குத் தெரியாது. அவள் நெற்றி கிழிந்ததற்காக மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கிலோ பால்கோவா வாங்கிப் போய் யூனிட் முழுக்கக் கொடுத்தவன் நான் என்று அவளுக்குத் தெரியாமலிருந்தால் சரி.