ரெஜினா மிஸ் இறக்க விடாத லொறி

ரெஜினா மிஸ் போய்விட்டார்.

காலையில் கடை திறக்கும் நேரம் அவருடைய தம்பி போன் எடுத்தார். மாரடைப்பாம். மருந்தை ஒழுங்காகக் குடித்திருந்தால்தானே... ஊருக்கெல்லாம் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று சொல்லித் திரிந்த மனுசி, தன்னுடைய பிரஷர் குளிசையை வாரத்தில் மூன்று நாள் மறந்துவிடுவார்.

கோபம்தான் வருகிறது. மன்னிக்கவும், எனக்கு இப்படித்தான் எழுத வரும்.

தெரியாதவர்களுக்கு: மிஸ் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரி. ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை. ஆற்றோரத்தில் பலகை வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்புகள், நாங்கள் தோட்டம் என்போம், அவைதான் அவருடைய ஆபீஸ்.

குடிதண்ணீர், கக்கூஸ், வெள்ளம் வடிந்தபின் கிணறு இறைப்பது... எதற்கும் தமிழும் சிங்களமுமாகப் படம் போட்ட ஒரு தாள் வைத்திருப்பார். ஒரே ஒரு தாள். கிணற்றுக்குப் போடும் குளோரினுக்குக்கூட அதில் கிராம் கணக்கு கிடையாது. அந்த வீட்டில் கிடக்கும் தேநீர்க் கரண்டிதான் அளவு.

நான் புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். தலையில் சுமந்து விற்று மேலே வந்தவன். கடைக்குள் கால் வைக்கும்போதே ஆளை எடை போட்டுவிடுவேன். மிஸ்ஸை மட்டும் கடைசிவரை போட முடியவில்லை.

முதல் நாள் வாளி வாங்க வந்தவர், அரை மணித்தியாலம் ஒவ்வொரு வாளியாக எடுத்துத் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, கவிழ்த்து, குலுக்கி... கடையெல்லாம் ஈரம்.

"என்ன மிஸ், வாளி வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

"மாப்பிள்ளை சரியில்லாட்டி ஒரு வீடுதான் நாசம், முதலாளி. இது ஒரு தோட்டத்துக்கே."

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இனி, நான் இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம்.

ஒரு வெள்ளத்துக்கு நானும் உதவி செய்ய வெளிக்கிட்டேன். மிஸ் நின்ற தோட்டத்துக்கு லொறி நிறைய வாளி அனுப்பினேன். பெனர், கடைப் பெயர், படம் பிடிக்க ஆள், எல்லாம் ரெடி.

எங்கள் வியாபாரத்தில் வாளிக்கு ஒரு விலை, மூடிக்கு வேறு விலை. வாளி மலிவாகத் தெரியட்டும் என்று நாங்களே உண்டாக்கிய பழக்கம். சும்மா கொடுக்கும்போதும் எனக்கு அதே பழக்கம்தான். மூடி என்ற யோசனையே வரவில்லை.

அரை மணித்தியாலத்தில் டிரைவர் போனில். "முதலாளி மஹத்தயா, மிஸ் பான்ன தென்னே நே!"

இறக்க விடுகிறார் இல்லையாம். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மூடி எங்க, முதலாளி?"

"சும்மா குடுக்கிறதுக்கு மூடி வேற கேக்குதா உங்களுக்கு?"

"திறந்த வாளிக்குள்ள சின்னப் பிள்ளையள் கை விடும். கக்கூஸெல்லாம் வெள்ளத்தில நிரம்பிக் கிடக்கு. மூடியோட கொண்டாங்க, நானே நிண்டு இறக்கிறன்."

"வேணாமெண்டா விடுங்க மிஸ். வாங்க ஆக்களா இல்ல?"

ஆட்கள் இருந்தார்கள். லொறியை அப்படியே அடுத்த தோட்டத்துக்குத் திருப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் காலி. படங்களும் நன்றாக வந்தன. நீங்கள் எல்லோரும் லைக் போட்டீர்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். வாளி இறக்கிய அந்தத் தோட்டத்தில் வயிற்றோட்டம். ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒன்று ஆஸ்பத்திரியில், சேலைன் ஏற்றிக்கொண்டு, இரண்டு நாள் கண் திறக்காமல்...

வாளியால்தான் வந்தது என்று யார் கண்டது? வெள்ளத் தண்ணீர், மொய்க்கும் இலையான், எத்தனையோ இருக்கிறது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல வியாபாரி நான். அன்றைக்கு என்னுடைய பேச்சை நானே வாங்கவில்லை.

மிஸ் கடைக்கு வந்தார். ஏச்சு விழும் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"மூடி இருக்கா, முதலாளி? இண்டைக்கே வேணும்."

அவ்வளவுதான். ஒரு குத்தல் கூட இல்லை.

அவசரத்தில் நானே ஏற்றிய மூடிகளில் பாதி வேறு கம்பனி அளவு. அவை ஒன்றும் பொருந்தவில்லை. இருபது வருடமாக வாளி விற்பவன்! அதற்கு மட்டும் போனில் வயிறு நிறைய ஏசினார். அந்த ஏச்சைக் கேட்க ஆறுதலாக இருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது.

இன்று மத்தியானம் செத்த வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு சங்கத்துக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸ்ஸிட பேரில ஏதாவது குடுப்பம் அண்ணன். வாளி கொஞ்சம் மலிவாப் போடுவீங்களா?"

எந்தத் தோட்டத்துக்கு, அங்கே என்ன இல்லை என்று கேட்டேன். தெரியாதாம். அதைப் பிறகு பார்க்கலாமாம்! கையை உதறிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் அன்று ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பிள்ளை. நன்றாக வளர்ந்துவிட்டது.

"வாளியும் குடுத்து, பிறகு மூடியும் அனுப்பினது நீங்கதானே முதலாளி? லொறி கிடைக்காமத்தான் மூடி வரச் சுணங்கினதெண்டு மிஸ் சொன்னவ. என்ட பிள்ளை இண்டைக்கு நிக்குதெண்டா..." என்று கும்பிட்டார்.

பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் உண்மையைச் சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அந்தத் தாய்க்கும் யாராவது வாசித்துக் காட்டுங்கள். லொறி கிடைக்காமல் போகவில்லை. மிஸ் முதலே சொன்னார். நான் கேட்கவில்லை.

என்ன மனுசி மிஸ் நீங்கள்... எனக்காக ஏன் பொய் சொன்னீர்கள்? யார் கேட்டது உங்களிடம்?

நாளை பின்னேரம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். இரண்டு தோட்டத்துச் சனமும் வருகிறதாம். வாகனத்தில் வருபவர்கள் ஒழுங்கைக்குள் நிறுத்த வேண்டாம், அவர்கள் நடந்து வர இடம் விடுங்கள்.

போய் ஆறுதலாக இருங்கள், மிஸ்.